வண்டியை எங்கே நிறுத்துவது?

ஆப்பிரிக்க சஃபாரிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். 400 மி.மீ. போதுமா, 600 வேண்டுமா, வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? இதற்கெல்லாம் பதில் இந்த அத்தியாயத்தின் பின்பாதியில் வருகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாசாய் மாராவிலோ செரெங்கெட்டியிலோ இரண்டடி தள்ளி நின்று, முழங்காலிட்டு, கோணம் பார்த்துப் படமெடுக்க வழியில்லை. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பின்னணி, வெளிச்சம், கேமராவின் உயரம், விலங்கு நிம்மதியாக இருக்கிறதா மிரண்டிருக்கிறதா என்பது, எல்லாமே ஓட்டுநர் எஞ்சினை அணைக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு கேமராவால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

முதல் முறை போகிறவர்களுக்கு ‘இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே’ என்ற ஆசை வருவது இயல்பு. நான் தள்ளியே நிற்கச் சொல்வேன். விலங்கின் நன்மைக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் படத்துக்காகவும்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று எடுக்கும்போது கேமரா தரையிலிருந்து சுமார் 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருக்கும் சிங்கத்தின் கண் ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில். வித்தியாசம் 1.4 மீட்டர். ஏழு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் கேமரா 11 டிகிரி கீழ்நோக்கிச் சாய்கிறது. சிங்கத்தின் உச்சந்தலையும் முதுகும் அதற்குப் பின்னால் வெறும் புல்தரையும்தான் படத்தில் விழும். அதே சிங்கத்தை 40 மீட்டர் தள்ளி நின்று நீண்ட லென்ஸால் எடுங்கள். சாய்வு 2 டிகிரியாகக் குறைந்துவிடும். சிங்கம் உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். பின்னணியில் தூரத்துப் புல்வெளி கரைந்து நிற்கும்.

முடிந்தபோதெல்லாம் கூரையை விட்டுவிட்டு இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் பீன்பேக்கை வைத்து எடுங்கள். அரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடலாம். ஓட்டுநர் வண்டியைச் சிறு பள்ளத்தில் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். உயரம் எவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்யும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கப் படக்கலைஞர் கிரெக் டு டொய்ட் எடுத்த யானைப் படம் சாட்சி. போட்ஸ்வானாவின் வடக்கு டூலி வனப்பகுதியில், தரைமட்டத்துக்குக் கீழே பதிந்த மறைவிடத்திலிருந்து, தண்ணீர் குடிக்க வந்த கூட்டத்தை அகன்ற லென்ஸில் மெதுவான ஷட்டர் வேகத்தில் பிடித்தார். 2013ஆம் ஆண்டின் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் பட்டம் அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. நேர்மட்டக் கோணம்தான் உங்கள் முதல் விருப்பம் என்றால் இதுபோன்ற மறைவிடங்கள் உள்ள வனப்பகுதிகளைத் தேடுங்கள். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில் படகிலிருந்து எடுப்பதும் அதே காரணத்துக்காகத்தான் பலருக்குப் பிடிக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை வறட்சி ஏற ஏற யானைகள் ஆற்றங்கரைக்கு வந்து குவியும்.

அடுத்தது வெளிச்சம். மாரா பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி தெற்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் காலை ஆறரையை ஒட்டிச் சூரியன் உதித்து, மாலை ஆறரையைத் தாண்டி மறைகிறது. கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் பொன்வெயில் நீடிப்பதே இல்லை. விடிந்து ஒரு மணி நேரத்தில் நிழல்கள் கெட்டியாகிவிடும். விடுதியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புகிறவர் அன்றைய நல்ல வெளிச்சம் முழுவதையும் விட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். காலைச் சிற்றுண்டியைக் கட்டித் தரச் சொல்லி, இருட்டிலேயே வண்டியில் ஏறிவிடுங்கள். மாரா கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் விடியற்காலையில் திறந்த வண்டியில் குளிர் எலும்பைத் தொடும். கம்பளிக் குல்லாவும் விரல் நுனி திறந்த கையுறையும் ஆடம்பரம் அல்ல.

பத்து மணிக்கு மேல் கானல் எழும்பும். சூடேறிய தரையிலிருந்து காற்று அலையடிக்கும்போது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் 150 மீட்டருக்கு அப்பால் இருக்கும் விலங்கைக் கூர்மையாகக் காட்ட முடியாது. படம் மங்கலாக வந்தால் ஃபோகஸைச் சந்தேகிக்கும் முன் கானலைச் சந்தேகியுங்கள். அந்த நேரத்துக்கு உகந்தது அருகில் இருக்கும் விலங்கு, மரநிழலில் இருக்கும் விலங்கு, அல்லது கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்கரான மைக்கேல் நிக்கோல்ஸ் செரெங்கெட்டியின் வும்பி சிங்கக் கூட்டத்தைப் பல மாதங்கள் பின்தொடர்ந்து, பாறைக்குன்றின் மேல் பெண் சிங்கங்களும் குட்டிகளும் அயர்ந்து கிடக்கும் காட்சியை அகச்சிவப்புக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 2014ஆம் ஆண்டின் பட்டம் அந்தப் படத்துக்கு.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் நல்ல படம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதுகாப்பான படம் வேண்டுமானால் அப்படிச் செய்யலாம். சூரியன் தாழ்ந்திருக்கும் அந்த இருபது நிமிடங்களில் மட்டும் வண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுபோகச் சொல்லிப் பாருங்கள். பிடரி மயிரின் ஒவ்வொரு இழையும் விளிம்பில் ஒளிரும், மூச்சுக்காற்று தெரியும், மந்தை கிளப்பும் புழுதியே வெளிச்சமாகிவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. விலங்குக்குப் பின்னால் நிழலில் கிடக்கும் மலைச்சரிவோ மரவரிசையோ இருக்க வேண்டும். வெளிறிய வானம் இருந்தால் விளிம்பொளி தெரியாது. எக்ஸ்போஷரை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும்.

எந்தக் காடு, எந்த மாதம், யாருடைய வண்டி

பாதையை விட்டு விலகி ஓட்டலாமா என்பதுதான் படக்கலைஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மாசாய் மாரா தேசியக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். அதற்குள் பாதையை விட்டு விலகக் கூடாது. இரவில் ஓட்டவும் கூடாது. அதைச் சுற்றி மாசாய் மக்களின் நிலத்தில் அமைந்த மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மொட்டோரோகி போன்ற கன்சர்வன்சிகளில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. அங்கே தங்குகிறவர்களின் வண்டிகள் மட்டுமே நுழைவதால் நெரிசலும் குறைவு. செலவு கூடும். ஆனால் நாட்களைக் குறைத்துக்கொண்டாவது அங்கே தங்குவது மேல் என்பேன். செரெங்கெட்டியில் பாதை விதி கண்டிப்பானது. அதன் தெற்கு எல்லையை ஒட்டி, கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் ண்டூட்டுவில் தளர்வு உண்டு. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை வில்டபீஸ்ட்டுகள் அங்கேதான் கன்று ஈனுகின்றன. பெரும்பாலான கன்றுகள் சில வாரங்களுக்குள் பிறந்துவிடும். குட்டைப்புல் வெளி, ஏராளமான இரை, அதைத் தேடி வரும் சிவிங்கிப்புலிகள்: ஓடும் சிவிங்கிப்புலியை எடுக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடமும் காலமும் இல்லை.

சிறுத்தைதான் இலக்கு என்றால் கென்யாவை விட்டு இன்னும் தெற்கே போகலாம். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் வனப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வண்டிகளைப் பார்த்துப் பழகிய சிறுத்தைகள் இருக்கின்றன. வண்டியின் முன்முனையில் அமர்ந்திருக்கும் தடம் பார்ப்பவர் மண்ணில் காலடியைப் படித்தே கண்டுபிடித்துவிடுவார். ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில் இரவுச் சவாரியில் சிறுத்தை வேட்டைக்குப் புறப்படுவதைப் பார்க்கலாம்.

மாராவுக்குப் பெரும்பாலானோர் ஜூலை முதல் அக்டோபர் வரை, மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காலத்தில் போகிறார்கள். 2024 முதல் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு பகலுக்கான நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஆற்றைக் கடக்கும் மந்தை உங்களுக்கு முக்கியமில்லை, பூனையினங்கள்தான் முக்கியம் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். பாதிக் கட்டணம், குறைந்த கூட்டம், அதே சிங்கங்கள். அவை எங்கும் வலசை போவதில்லை. மார்ச் இறுதியிலிருந்து மே வரை பெருமழை. கரிசல் மண்ணில் சக்கரம் புதையும். ஆனால் கருமேகத்துக்கு முன்னால் வெயில் பட்டு நிற்கும் சிங்கத்தை வேறு எந்தக் காலத்திலும் அப்படி எடுக்க முடியாது.

கேமராவைவிட ஓட்டுநருக்குப் பணம் செலவழியுங்கள். கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் சான்று தருகிறது. முன்பதிவு செய்யும்போதே வெள்ளி அல்லது தங்க நிலை வழிகாட்டியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படமெடுப்பவர்களோடு பழக்கம் உள்ளவரா என்றும் கேளுங்கள். ஐந்து பெரிய விலங்குகளையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று ஓடுபவரும், ஒரே புற்றின் அருகே மூன்று மணி நேரம் காத்திருக்கச் சம்மதிப்பவரும் வெவ்வேறு வகை. முதல் நாள் காலையிலேயே அவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எஞ்சினை அணைத்த பிறகுதான் நான் எடுப்பேன், அதிர்வு படத்தைக் கெடுக்கும். எண்ணிக்கை எனக்கு முக்கியமில்லை, ஒரு விலங்கோடு நாள் முழுக்க இருக்கவும் தயார். விதியை மீறிக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், அப்படிப் போகாததற்காக உங்கள் அன்பளிப்பு குறையாது. இந்த மூன்றாவதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பயணிகளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பல ஓட்டுநர்கள் வரம்பு மீறுகிறார்கள்.

வேறு பயணிகளோடு வண்டியைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், ஒரு வரிசைக்கு ஒருவர் என்ற ஏற்பாடு வேண்டும். ஜன்னல் இரண்டும் உங்கள் வசம் இருக்க வேண்டும். சிங்கம் எந்தப் பக்கம் எழும் என்று யாருக்கும் தெரியாது.

சிவிங்கிப்புலி

பெரிய பூனைகளில் பகலில் வேட்டையாடுவது பெரும்பாலும் இதுதான். ஆகவே படத்துக்கு நிறைய வாய்ப்பு. அதே காரணத்தால்தான் வண்டிகளால் அதிகம் பாதிக்கப்படுவதும் இதுவே. ஃபெம்கே புரூக்ஹைஸ் மாராவில் 2013 முதல் 2017 வரையிலான தரவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனித்து வாழும் வயதுவரை வளர்த்துவிடுகிறது. வண்டிகள் நிறைந்த பகுதியில் அந்தச் சராசரி 0.2. வண்டிகள் குட்டிகளை நேராகக் கொல்லவில்லை. தாய் வேட்டைக்குப் பதுங்கும் நேரத்தில் குறுக்கே போவது, இரையைக் கவ்வியதும் சூழ்ந்துகொள்வது, அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கழுதைப்புலி வந்து சேர்வது, இப்படிப் பசி கூடுகிறது, குட்டிகள் குறைகின்றன. ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் வேண்டாம், 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சத்தம் கூடாது என்பது அந்த ஆய்வு சொன்ன யோசனை. இந்தப் புத்தகத்தில் வேறு எதை மறந்தாலும் அந்த 2.3ஐயும் 0.2ஐயும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி நடைமுறை. கரையான் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்து வெளியைத் துழாவும் சிவிங்கிப்புலிதான் நீங்கள் தேட வேண்டியது. வயிறு ஒட்டியிருக்கிறதா என்று தொலைநோக்கியில் பாருங்கள். உப்பியிருந்தால் அது மாலைவரை தூங்கும். ஒட்டியிருந்தால் காத்திருங்கள். முதல் அரைமணி நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பார்வை ஒரு திசையில் பத்து விநாடி தங்கும், பிறகு விலகும். மறுபடி அதே இடத்துக்கு வரும். புற்றிலிருந்து இறங்கும், உடலை நீட்டி முறிக்கும், ஒன்றுமே நோக்கமில்லாததுபோல் நடக்கும். தலை மட்டும் தோள்மட்டத்துக்குக் கீழே இறங்கிப் பார்வை ஒரே தாம்சன் மானின் மேல் நிலைத்ததும் நடை மாறும். மான் குனிந்து மேயும்போது முன்னேறும். நிமிர்ந்தால் உறைந்து நிற்கும். இந்தக் கட்டத்தில் வண்டி அசையவே கூடாது.

எங்கே நிற்பது என்பதை அதற்கு முன்பே, புற்றில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். சிவிங்கிப்புலி உங்களை நோக்கி ஓடிவர வேண்டுமானால் நீங்கள் மான்களுக்கு அப்பால் இருக்க வேண்டும். அதற்காக நடுவே புகுந்து போகக் கூடாது. நூறு, நூற்றைம்பது மீட்டர் விலகி, பெரிய வட்டமடித்துப் பாதை வழியாகப் போய், மான்கள் தப்பி ஓடும் வழியை மறிக்காமல் ஓரமாக நிற்க வேண்டும். அங்கே போய் நின்றால் வேட்டை எதிர்ப்பக்கம் நடந்துவிடலாம். நடக்கட்டும். பின்னாலேயே துரத்திக்கொண்டு போகிறவர்களுக்குக் கிடைப்பது விலங்கின் பின்புறமும் புழுதியும்தான்.

ஷட்டர் வேகம் 1/2500 அல்லது அதற்கு மேல். அபர்ச்சர் முழுத் திறப்பு. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு 6400 வரை ஏற அனுமதியுங்கள். குருணை விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய முடியாது. ஓட்டம் தொடங்கும் முன் 600 மி.மீ.யிலிருந்து 300க்குப் பின்வாங்கிவிடுங்கள். மானும் துரத்துவதும் இரண்டும் ஃபிரேமுக்குள் வேண்டும். திரும்பும் திசையும் கணிக்க முடியாதது. தொடர் ஃபோகஸில் விலங்கின் கண்ணைக் கண்டறியும் வசதி இப்போதைய கேமராக்களில் நன்றாகவே வேலை செய்கிறது. உயரமான புல்லுக்கு நடுவில் மட்டும் அது தடுமாறும். அப்போது ஒரே சிறு புள்ளிக்கு மாற ஒரு பொத்தானை முன்கூட்டியே ஒதுக்கி, கண்ணால் பார்க்காமல் விரல் அதைத் தேடிப் போகும்வரை ஊரிலேயே தெருநாயை வைத்துப் பயிற்சி எடுங்கள். வேட்டை மொத்தமும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இரையைப் பிடித்த பிறகு அது மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். உடனே சாப்பிடக்கூட முடியாது. கழுதைப்புலி வந்து பறிக்கப்போவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் வண்டிகள் நெருங்கினால் தூரத்தில் இருப்பவற்றுக்கெல்லாம் இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். அதன் முகத்தின் களைப்பும் சுற்றிப் பார்க்கும் பார்வையும் ஓட்டத்தைவிட அழுத்தமான படம் என்பது என் அபிப்பிராயம்.

காத்திருப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு படத்தைச் சொல்லலாம். 2020 ஜனவரியில் பெருமழையில் மாராவின் தாலெக் ஆறு கரைபுரண்டு ஓடியது. டானோ போரா என்று பெயர்பெற்ற ஐந்து ஆண் சிவிங்கிப்புலிகள் ஆற்றைக் கடக்க இடம் தேடிக் கரையோரம் அலைந்தன. இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் புத்திலினி டி சொய்சா மணிக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் தலைமை தாங்கியது குதிக்க, மற்றவை பின்தொடர்ந்தன. சேற்றுநீர் இழுத்துச் செல்ல, ஐந்து முகங்களும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நீந்தும் அந்தப் படம் 2021ஆம் ஆண்டு வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் போட்டியில் சிறப்புப் பாராட்டைப் பெற்றது.

சிறுத்தையும் சிங்கமும்

சிறுத்தையை மாராவில் ஆற்றோர மரங்களில் தேட வேண்டும். கிளையில் புள்ளித்தோலைத் தேடாதீர்கள், இலை நிழலில் அது தெரியாது. தொங்கும் வாலைத் தேடுங்கள். சில நேரம் மற்ற விலங்குகளே சொல்லிவிடும்: வெர்வெட் குரங்குகளின் எச்சரிக்கைக் குரல், இம்பாலா மூக்கால் சீறுவது, ஒரு மந்தை முழுக்க ஒரே புதரைப் பார்த்து நிற்பது.

மரத்தில் இருக்கும் சிறுத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் வெளிறிய வானம்தான் இருக்கும். கேமரா ஏமாந்து விலங்கைக் கரும்நிழலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம் தெரிய வேண்டும். வண்டியை நகர்த்திக் கிளைக்குப் பின்னால் இன்னொரு மரம் வருமாறு நிறுத்த முடிந்தால் இந்தச் சிக்கலே இல்லை. எல்லோரும் தவறவிடுவது இறங்கும் கணத்தை. இறங்குமுன் சிறுத்தை எழுந்து நிற்கும், தண்டை நோக்கித் திரும்பும், கீழே பார்க்கும். கழுதைப்புலி காத்திருந்தால் மறுபடி படுத்துவிடும். இல்லையென்றால் தலைகீழாக இரண்டே விநாடியில் தரையில் இருக்கும். அது கீழே பார்த்ததுமே உங்கள் ஃபோகஸ் தண்டின் கீழ்க்கவட்டில் இருக்க வேண்டும். 1/1000 வேகத்துக்குக் குறையக் கூடாது. மரத்தடியைச் சுற்றி வண்டிகள் வளையமிட்டால் அது இறங்கவே இறங்காது. அது போக விரும்பும் பக்கத்தைக் காலியாக விடுமாறு மற்ற ஓட்டுநர்களிடமும் உங்கள் ஓட்டுநரைப் பேசச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சிங்கம் ஒரு நாளில் ஏறக்குறைய 20 மணி நேரம் படுத்தே கிடக்கும். நண்பகலில் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வாருங்கள். ஒன்று கொட்டாவி விட்டால் சும்மா இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று விட்டால் எழப்போகிறது. எழுந்ததும் ஒன்றோடொன்று தலையை உரசிக்கொள்ளும், குட்டிகள் விளையாடத் தொடங்கும். இணைசேரும் ஜோடியைக் கண்டால் விடாதீர்கள். அவை சில நாட்கள் தொடர்ந்து, பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை கூடும். ஆணின் பல்லிளிப்பும் பெண் திரும்பி அறைவதும் அடுத்தது எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முதல் முறை பாருங்கள், இரண்டாம் முறைக்குள் வண்டியை வெளிச்சத்துக்கு ஏற்ப நகர்த்துங்கள், மூன்றாம் முறை எடுங்கள்.

ஆற்றைக் கடக்கும் மந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக: கரையில் குவியும் வண்டிகளைப் பார்த்து மந்தை பின்வாங்குவது அடிக்கடி நடக்கிறது. முதல் விலங்கு நீரில் இறங்கும்வரை கரையை விட்டுத் தள்ளிப் புதர்மறைவில் காத்திருக்கும் ஓட்டுநர்தான் நல்லவர். யானைக்கும் மலைக்கும் அம்போசெலி. 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ விடியற்காலையில் தெரியும், பிறகு பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

பையில் என்ன

400 அல்லது 500 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ் ஒன்று, அதை மாட்டிய பாடி ஒன்று. 24-105 அல்லது 70-200 மாட்டிய இன்னொரு பாடி. இதுவே பெரும்பாலோருக்குப் போதும். வண்டி நகராத இடத்தில் ஜூம்தான் உங்கள் கால். நிலையான 500, 600 லென்ஸ்களின் அருமை விடியலின் மங்கிய வெளிச்சத்தில் தெரியும். அதன் விலையையும் எடையையும் யோசித்தால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். இரண்டு பாடி என்பது வசதிக்காக மட்டும் அல்ல. புழுதியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் விழும் தூசி பயணம் முழுக்க ஒவ்வொரு படத்திலும் இருக்கும். முக்காலி வண்டிக்குள் உதவாது. பீன்பேக்கைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ நிரப்பிக்கொள்ளலாம். இது எடைப் பிரச்சினைக்கும் தீர்வு: நைரோபியின் வில்சன் விமானநிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் கைப்பையையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்கும் துணிப்பையில்.

கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. தலையணை உறையோ துணிப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். புழுதிக்கு அதுவே நல்லது. டிரோன் வேண்டவே வேண்டாம். காப்பகங்களில் சிறப்பு அனுமதி இன்றிப் பறக்கவிடக் கூடாது. கென்யாவில் பிரிட்டிஷ் வகைச் சதுர முள் பிளக். பேட்டரிகள் கைப்பையில்.

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு 10 நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவையும் ஊசி போடும் நாட்களையும் விசாரித்துக்கொண்டு போங்கள்.

மாலையில் முகாம் திரும்பியதும் முதல் வேலை அட்டைகளை இரண்டு இடங்களில் பிரதி எடுப்பது. கேமராவிலேயே பார்த்து அழிக்கும் வேலை வேண்டாம்; களைத்த கண் நல்ல படத்தையும் அழித்துவிடும். மென்தூரிகையால் லென்ஸின் வெளிப்புறப் புழுதியைத் தட்டிய பிறகே துணியால் துடையுங்கள், இல்லையென்றால் மணல் கீறிவிடும். பிறகு அன்றைய படங்களில் நான்கைந்தை ஓட்டுநரிடம் காட்டுங்கள். எது பிடித்தது, எதில் பின்னணி கெட்டது, இன்னும் பத்து மீட்டர் இடப்பக்கம் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பேசுங்கள். அரை மணி நேரம் போதும். மறுநாள் நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் வெளிச்சத்தைப் பார்த்து வண்டியைத் திருப்புவார். மறுநாள் புறப்படும் நேரத்தையும் கட்டுச்சாப்பாட்டையும் அப்போதே சொல்லிவைத்துவிட்டு, பேட்டரிகளை மின்னேற்றத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.